டெங்குவை எங்கே மடக்குவது: வைரஸிலா, நம் செல்லிலா, கொசுவிலா?

டெங்குவைக் குணப்படுத்தும் வைரஸ் எதிர்ப்பு மருந்து எந்த மருத்துவமனையிலும் கிடையாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது, நிலைமை மோசமானால் சரியான அளவில் சலைன். இதைக் கவனமாகச் செய்தாலே பெரும்பாலானோரைக் காப்பாற்றிவிடலாம். ஆனாலும் 2024இல் மட்டும் உலகம் முழுக்க 1.4 கோடிக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் கணக்கில் ஏறினார்கள். இலங்கையில் 2017இல் ஒரே ஆண்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்துடன் பதிவானார்கள். இவ்வளவு பேருக்கும் படுக்கையும் சலைனும் தாதியரும் கொடுத்துக்கொண்டே இருக்க எந்த ஊராலும் முடியாது.

ஆராய்ச்சிக்கும் தடுப்புக்கும் ஒதுக்கக் கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடுப்பூசியை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை, அது தனிக் கதை. மிச்சமிருப்பவை மூன்று வழிகள். வைரஸ் நம் செல்லிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருள்களை நம் செல்லிலேயே தட்டுப்பாடாக்குவது முதல் வழி. அவற்றை எடுக்க வைரஸ் வைத்திருக்கும் சொந்தக் கருவியை முடக்குவது இரண்டாவது. அதே தட்டுப்பாட்டைக் கொசுவின் உடம்புக்குள் உண்டாக்குவது மூன்றாவது. மூன்றும் வேறுவேறு துறைகளின் வேலை போலத் தெரிந்தாலும், டெங்குவின் ஒரே பலவீனத்தைத்தான் மூன்றும் தேடிப் போகின்றன. அந்தப் பலவீனம் கொழுப்பு.

வைரஸுக்குத் தெரியாத வேலை

டெங்கு வைரஸின் மரபுப்பொருள் சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட ஒரே ஓர் ஆர்என்ஏ இழை. அதிலிருந்து பத்துப் புரதங்கள் உருவாகின்றன. மூன்று புரதங்கள் வைரஸின் உடலைக் கட்டுகின்றன. மற்ற ஏழும் செல்லுக்குள் வேலை பார்க்கின்றன. இந்தப் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொழுப்பு தயாரிக்கத் தெரியாது. ஆனால் வைரஸின் புரத உறைக்கு அடியில் ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. வைரஸ் தன்னை நகலெடுப்பதும் கொழுப்புச் சவ்வாலான பைகளுக்குள்தான். அத்தனையும் நம்மிடமிருந்து எடுப்பது.

செல்லில் ஒட்டியதுமே ஆரம்பிக்கிறது. செல் தன் வழக்கப்படி வைரஸை உள்ளே இழுத்து எண்டோசோம் என்ற சிறு பையில் போடுகிறது. பை உள்ளே போகப்போக அதில் அமிலத்தன்மை ஏறும். அமிலம் பட்டதும் வைரஸின் மேலுறையில் படிந்திருக்கும் 180 ஈ-புரதங்கள் பிரிந்து, மும்மூன்றாகச் சேர்ந்து, பையின் சவ்வில் முனையைச் செருகுகின்றன. அந்தச் சவ்வில் எதிர்மின்னூட்டம் கொண்ட கொழுப்புகள் இருந்தால்தான் இரு சவ்வுகளும் முழுமையாக ஒன்றுசேர்ந்து வழி திறக்கும். அப்படிப்பட்ட கொழுப்பு முதிர்ந்த எண்டோசோமில்தான் நிறைய இருக்கிறது. ஆக, எந்த இடத்தில் கதவு திறக்க வேண்டும் என்பதைக்கூடக் கொழுப்புதான் முடிவுசெய்கிறது.

அடுத்த இடம் எண்டோபிளாச வலை. புரதங்களை மடித்துச் சரிபார்ப்பதும், செல்லுக்கு வேண்டிய கொழுப்புகளில் பெரும்பங்கைத் தயாரிப்பதும் இங்கேதான். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ரால்ஃப் பார்ட்டன்ஷ்லாகரின் குழு 2009இல் இந்த வலையை எலெக்ட்ரான் டோமோகிராபி மூலம் முப்பரிமாணத்தில் படமெடுத்தது. டெங்கு புகுந்த செல்லில் வலையின் சவ்வு உள்பக்கமாகக் குழிந்து, சுமார் 90 நானோமீட்டர் அகலமுள்ள பைகளாக வரிசைவரிசையாக நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேல் அடுக்கலாம். ஒவ்வொரு பைக்கும் சுமார் 11 நானோமீட்டரில் ஒரு வாய். நகலெடுக்கத் தேவையான மூலப்பொருள் அந்த வாய் வழியே உள்ளே போகும், புதிய ஆர்என்ஏ வெளியே வரும். நகலெடுக்கும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்என்ஏவைக் கண்டால் செல்லின் காவல் புரதங்கள் உடனே விழித்துக்கொள்ளும். பைக்குள் இருப்பதால் அவற்றின் கண்ணில் அது எளிதில் படுவதில்லை. பையின் வாய்க்கு நேர் எதிரே, அதே வலையின் அடுத்த மடிப்பில், புது வைரஸ்கள் முளைப்பதும் அந்தப் படங்களில் தெரிந்தது. நகலெடுப்பும் பொதிவதும் பக்கத்துப் பக்கத்தில். இவ்வளவு ஒழுங்கை ஒரு வைரஸ் உண்டாக்குகிறது என்பதை அந்தப் படங்களைப் பார்க்காமல் நம்புவது கஷ்டம்.

இத்தனை பைகளுக்கும் சவ்வு வேண்டுமே? வைரஸின் என்எஸ்3 புரதம், செல்லில் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதியைப் பிடித்து, பைகள் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. 2010இல் சிகாகோவில் கிளென் ராண்டலின் ஆய்வகம் இதைக் காட்டியது. அதே ஆய்வகம் இன்னொன்றையும் கண்டது. செல் தன் சேமிப்பாக வைத்திருக்கும் கொழுப்புத் துளிகளை லைசோசோமுக்கு அனுப்பிச் செரிக்கவைக்கிறது டெங்கு. அதில் வெளிவரும் கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் எரிந்து, நகலெடுப்புக்கான ஆற்றலாகிறது. ஒரு பக்கம் கொழுப்பைத் தயாரிக்கவைக்கிறது, மறுபக்கம் எரிக்கவைக்கிறது. அர்ஜென்டினாவில் ஆண்ட்ரியா கமார்னிக்கின் குழு, வைரஸின் ஆர்என்ஏவைப் பொதியும் கேப்சிட் புரதம் அதே கொழுப்புத் துளிகளின் மேல் போய் உட்காருவதைக் கண்டது.

கடைசியாக என்எஸ்1. ரத்தப் பரிசோதனை முடிவில் 'என்எஸ்1 பாசிட்டிவ்' என்று எழுதித் தருகிறார்களே, அதே புரதம்தான். ஆறு ஆறாகச் சேர்ந்து நடுவில் கொழுப்பைப் பொதிந்துகொண்டு, நல்ல கொலஸ்ட்ரால் துகள் போன்ற வடிவத்தில் ரத்தத்தில் சுற்றுகிறது. ரத்தக்குழாயின் உள்படலத்தைத் தளர்த்தி நீர் கசியவிடுவதில் அதற்கும் பங்குண்டு.

முதல் வழி: நம் செல்லில் தட்டுப்பாடு உண்டாக்குவது

மேலே சொன்னதைப் படித்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை கைவசம் இருக்கிறதே, கொடுத்துப் பார்த்தால் என்ன? விலை குறைவு, பல கோடிப் பேர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட மருந்து, பாதுகாப்பும் தெரிந்த விஷயம். இன்னொரு கவர்ச்சியும் உண்டு. வைரஸ் தன் ஆர்என்ஏவைப் படியெடுக்கும்போது ஏறக்குறைய பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பிழை செய்கிறது. அதாவது ஒரு நகலுக்குச் சராசரியாக ஒரு மாற்றம். வைரஸின் புரதத்தைத் தாக்கும் மருந்தை இப்படித் தப்பித்துவிட முடியும். நம் செல்லின் நொதி அப்படி நாளுக்கு நாள் மாறாது. அதோடு நான்கு வகை டெங்குவுக்கும், ஜிகாவுக்கும், இன்னும் வராத ஏதோ ஒன்றுக்கும் ஒரே மருந்து என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வியட்நாமில் டெங்கு வந்த 300 பெரியவர்களில் ஒரு பாதிக்கு, ஸ்டாட்டின் எனப்படும் கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் ஒன்றான லோவாஸ்டாட்டினை 80 மில்லிகிராம் ஐந்து நாள் கொடுத்தார்கள். 2016இல் முடிவு வெளியானது: மருந்தால் கேடில்லை, ஆனால் ரத்தத்தில் வைரஸ் அளவு குறையவுமில்லை. எண்டோசோமின் அமிலத்தைத் தணிக்கும் குளோரோகுயினை அதே வியட்நாமில் 307 பேரிடம் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவிலும் வைரஸ் ரத்தத்தில் இருக்கும் நாள்கள் குறையவில்லை. எண்டோபிளாச வலையில் புரதங்களின் சர்க்கரைக் கிளைகளைச் செதுக்கும் குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுப்பது செல்கோசிவிர். அந்த நொதி முடங்கினால் வைரஸின் மேலுறைப் புரதமும் என்எஸ்1உம் சரியாக மடங்காது. எலிகளில் நன்றாகவே வேலை செய்தது. சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து 2014இல் முடிவு சொன்னார்கள்: காய்ச்சலும் குறையவில்லை, வைரஸும் குறிப்பிடும்படி குறையவில்லை.

செல்லின் மூன்று வெவ்வேறு வேலைகளைக் குறிவைத்த மூன்று மருந்துகள், மூன்றும் பயன் தரவில்லை. காரணம் என்ன என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியவருக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

ஒரு நோயாளியின் நாள்களை எண்ணிப் பாருங்கள். கொசு கடித்து நான்கு முதல் ஏழு நாளில் காய்ச்சல் தொடங்குகிறது. அப்போதே ரத்தத்தில் வைரஸ் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும். முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுப்பார்கள். இரண்டாம் நாள் பக்கத்து கிளினிக். மூன்றாம் நாளில்தான் ரத்தப் பரிசோதனை. முடிவு கையில் வரும்போது வைரஸ் தானாகவே வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். நான்கு, ஐந்து, ஆறாம் நாளில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து ஆரம்பம். ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசிந்து, ரத்தம் கெட்டியாகி, ரத்த அழுத்தம் விழும். வீட்டில் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் மருத்துவர் கவலைப்படுவது ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்பதைப் பற்றி. அந்தக் கட்டத்தில் நகலெடுப்பை நிறுத்தி என்ன பயன்? நகலெடுப்பு ஏற்கெனவே முடிகிற நேரம்.

நேரம் தவறுவது ஒரு சிக்கல் என்றால், அளவு இன்னொன்று. வைரஸைப் பட்டினி போடும் அளவுக்குக் கொழுப்பு உற்பத்தியை அடைத்தால் நம் செல்லும் பட்டினி கிடக்கும். டெங்குவில் ஈரலின் நொதிகள் ஏற்கெனவே எகிறியிருக்கும். அந்த ஈரலிடமே ஸ்டாட்டினை இன்னும் கூடுதலாகக் கொடுத்து ஏற்கச்சொல்ல எந்த மருத்துவருக்கும் மனம் வராது. என்டரோவைரஸ்களும் ஜலதோஷம் தரும் ரைனோவைரஸ்களும் நம்பியிருப்பது பிஐ4கேபி என்ற கொழுப்பு நொதியை. அதைத் தடுக்கும் மருந்துகள் ஆய்வகத் தட்டில் வைரஸை அருமையாக நிறுத்தின. 2013இல் வெளியான ஆய்வில் அந்த நொதியை முடக்கியதில் எலிகளே செத்தன.

தட்டில் கிடைக்கும் வெற்றியையே சந்தேகிக்க வேண்டிய காரணமும் உண்டு. கோவிட் காலத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் முதல் அமியோடரோன் வரை பல பழைய மருந்துகள் ஆய்வகத்தில் வைரஸைத் தடுத்தன. 2021இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பலவற்றில் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அவை லைசோசோமில் பாஸ்போலிப்பிடுகள் என்ற சவ்வுக் கொழுப்புகளைத் தேங்கவைத்தன. செல்லின் கொழுப்புப் போக்குவரத்தே குழம்பிப்போனதால் வைரஸ் திணறியது. அது ஒரு பக்கவிளைவு. உடம்பில் அந்த அளவை எட்டினால் நஞ்சு, எட்டாவிட்டால் பயனில்லை. எந்தப் பழைய மருந்து புது வைரஸைக் கொல்கிறது என்ற செய்தி வந்தாலும் இந்த ஆய்வை நினைத்துக்கொண்டு படிக்கச் சொல்வேன்.

இருந்தாலும் இந்த வழியை முற்றாக மூடச் சொல்ல எனக்கு மனமில்லை. 2014இல் இரண்டு உடன்பிறப்புகளைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியானது. செல்கோசிவிர் தடுக்கும் அதே வகை நொதிதான் அவர்களுக்குப் பிறவியிலேயே குறை. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் மிகக் குறைவு. அப்படியிருந்தும், எதிர்பார்த்த அளவுக்கு வைரஸ் நோய்கள் அவர்களுக்கு வரவில்லை. அவர்களுடைய செல்களில் சர்க்கரைக் கிளை தேவைப்படும் சில வைரஸ்கள் சரியாகப் பெருக முடியவில்லை. குறி சரியானதுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குறையோடு பிறந்த அவர்களுக்கு வேறு பல கடுமையான உடல் சிக்கல்களும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் வழி: வைரஸின் சொந்தக் கருவி

ஹெபடைட்டிஸ் சியை இங்கே இழுக்காமல் பேச முடியாது. கொழுப்பை நம்புவதில் டெங்குவையே மிஞ்சுகிற வைரஸ் அது. ஈரல் செல்லில் கொழுப்புத் துளியை ஒட்டியே கூடுகட்டி, நம் லிப்போபுரதத்தோடு கலந்துதான் வெளியே வரும். அதற்கும் இரண்டு வழிகளிலும் மருந்து தேடினார்கள். நம் செல்லின் சைக்ளோபிலின் புரதத்தைக் குறிவைத்த அலிஸ்போரிவிர், சிலருக்குக் கணைய அழற்சி வந்ததால் 2012இல் தடைப்பட்டது. வைரஸின் சொந்த நொதியைத் தாக்கிய சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று அதோடு டாக்லாட்டாஸ்விர் போன்ற இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு நோய் குணமாகிறது. டாக்லாட்டாஸ்விர் தாக்குவது என்எஸ்5ஏ என்ற வைரஸ் புரதத்தை. நம் கொழுப்பு நொதியைக் கூட்டிக்கொண்டு சவ்வுப் பைகளைக் கட்டவைக்கும் புரதம் அது. அதாவது கொழுப்புச் சார்பு என்ற பலவீனத்தை அந்த மருந்தும் பயன்படுத்துகிறது, ஆனால் நம் நொதியைத் தொடாமல், அதை இழுத்துவரும் வைரஸின் கையை மட்டும் பிடிக்கிறது.

டெங்குவில் அதே உத்தியை முதலில் முயன்றபோது தோல்விதான். ஹெபடைட்டிஸ் சிக்காக உருவான பாலாபிராவிரை வியட்நாமில் 64 நோயாளிகளுக்குக் கொடுத்து 2013இல் முடிவு சொன்னார்கள், பயனில்லை. டெங்கு தாக்கிய ரத்த செல்கள் அந்த மருந்தை அதன் வேலைசெய்யும் வடிவத்துக்குச் சரியாக மாற்றவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அப்புறம் வந்தது என்எஸ்4பி. எண்டோபிளாச வலையின் சவ்வுக்குள்ளேயே புதைந்து கிடக்கும் வைரஸ் புரதம். என்எஸ்3உடன் கைகோத்தால்தான் நகலெடுப்பு நடக்கும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் யோஹான் நெய்ட்ஸின் குழுவும் ஜான்சன் நிறுவனமும் சேர்ந்து, அந்தக் கைகோப்பைத் தடுக்கும் ஒரு மூலக்கூறை 2021இல் நேச்சர் இதழில் அறிவித்தன. நான்கு வகை டெங்குவையும் அது தடுத்தது. ஆய்வகத்தில் வைரஸ் எதிர்ப்பு பெறுவதற்குப் பல வாரங்கள் பிடித்தன. அதன் அடுத்த வடிவம்தான் ஜேஎன்ஜே-1802, பிறகு வைத்த பெயர் மோஸ்னோடென்விர்.

அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்கு முதலில் மாத்திரையைத் தொடங்கி, பிறகு வலுக்குறைத்த மூன்றாம் வகை டெங்கு வைரஸை ஏற்றிப் பார்த்தார்கள். அதிக அளவு மாத்திரை எடுத்த 10 பேரில் 6 பேரின் ரத்தத்தில் வைரஸே தென்படவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்கள் எல்லோருக்கும் வைரஸ் வந்தது. டெங்குவுக்கு எதிராக ஒரு மாத்திரை மனித உடம்பில் வேலை செய்ததை இதற்கு முன் இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை.

கவனியுங்கள், மாத்திரை கொடுத்தது வைரஸுக்கு முன்னால். மேலே சொன்ன நாள்கணக்கு இங்கே தோற்கவில்லை, அதைச் சுற்றிப் போயிருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு டெங்கு உறுதியானால் மற்றவர்கள் சில வாரம் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் இதன் இயல்பான பயன்.

2024 அக்டோபரில் அந்த நிறுவனம் களச் சோதனையை நிறுத்திவிட்டது. பாதுகாப்பில் குறை என்று சொல்லவில்லை. தொற்றுநோய் ஆராய்ச்சியில் தன் முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டதாகச் சொன்னது. எனக்கு இந்தச் செய்தி இன்னும் ஆறவில்லை. ஏழை நாடுகளின் நோய்க்கான மருந்து அறிவியலில் ஜெயித்தும் கணக்குப் புத்தகத்தில் நின்றுபோகலாம் என்பதை, இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் செலவுத் திட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வழி: கொசுவின் கொலஸ்ட்ரால்

பூச்சிகளால் கொலஸ்ட்ரால் தயாரிக்க முடியாது. தின்பதிலிருந்தும், நம் ரத்தத்திலிருந்தும்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதைப் பெற வேண்டும். டெங்கு வைரஸ் கொசுவின் செல்லிலும் அதே மாதிரிச் சவ்வுப் பைகளைக் கட்டுகிறது, அங்கேயும் கொழுப்பை மாற்றியமைக்கிறது. ஆக நம்மைவிட நெருக்கடியான இடத்தில் அதே வேலையைச் செய்தாக வேண்டும்.

அங்கே வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் குடியேற்றினால் என்ன ஆகும்? பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் இயற்கையாகவே இருக்கிற பாக்டீரியா, ஆனால் ஏடிஸ் எஜிப்டியில் இல்லை. அதற்கும் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தெரியாது. ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றம் இறைப்பதுபோல் ஆகிவிடுகிறது. 2017இல் வெளியான ஆய்வில், வோல்பாக்கியா உள்ள கொசுச் செல்களில் கொலஸ்ட்ரால் கொழுப்புத் துளிகளுக்குள் முடங்கிக் கிடந்தது. அதை விடுவிக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கொடுத்ததும் டெங்கு ஓரளவு மறுபடி பெருகத் தொடங்கியது. கொழுப்புப் போட்டி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கொசுவின் எதிர்ப்புச் சக்தி தூண்டப்படுவதற்கும், மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொழுப்பு அமிலத்தைக் கொண்டுபோகும் மூலக்கூறுகள் மாறுவதற்கும் சான்றுகள் உண்டு. எது எவ்வளவு என்ற விவாதம் நடக்கிறது. ஆனால் முடிவெடுப்பவருக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டிய தேவையில்லை, ஏனென்றால் ஊரில் என்ன நடந்தது என்பது தெரியும்.

இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12இல் மட்டும் வோல்பாக்கியா கொசுக்களை விட்டார்கள். விட்டார்கள் என்றால் ஒரு வாளிதான். கொசு முட்டை, தண்ணீர், கொஞ்சம் மீன் தீவனம் போட்டு வாளியை வீட்டு ஓரத்தில் வைத்துவிடுவது. வளர்ந்த கொசுக்கள் வாளியின் ஓட்டை வழியே தாமே பறந்துபோகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாளியை மாற்றுவார்கள். 2021இல் வெளியான முடிவில் அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது, மருத்துவமனையில் சேர வேண்டியவர்கள் 86 சதவீதம் குறைந்திருந்தார்கள். நான்கு வகை டெங்குவிலும் பலன் இருந்தது.

இந்த வழியின் தனிச் சிறப்பு, நாள்கணக்கே இங்கே எழுவதில்லை என்பது. நோயாளி எப்போது வந்தார், பரிசோதனை எப்போது செய்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. கொசுவின் கொலஸ்ட்ராலைக் குறைத்தால் அதற்கு ஈரல் கெடுமே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அதோடு, வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண்ணுக்கு அந்தத் தடையில்லை. அதனால் ஒரு அளவைத் தாண்டிவிட்டால் பாக்டீரியா தானே பரவி நிலைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸில் 2011இல் விட்டது இன்னும் இருக்கிறது.

எல்லா ஊரிலும் இதே பலன் இல்லை. பிரேசிலின் நிட்டெராயில் 69 சதவீதம் குறைந்தது. பக்கத்திலேயே இருக்கும் ரியோவில் 38 சதவீதம்தான், அங்கே வோல்பாக்கியா கொசுக்கூட்டத்தில் சரியாக நிலைக்கவில்லை. மக்கள் நெருக்கமும், ஊரின் அமைப்பும், உள்ளூர்க் கொசுக்களுக்குப் பூச்சிமருந்து எவ்வளவு பழகியிருக்கிறது என்பதும் பலனை மாற்றிவிடும். வெயில் இன்னொரு பெரிய பிரச்சினை. வோல்பாக்கியாவில் பரவலாகப் பயன்படும் டபிள்யூமெல் வகை, கொசுப்புழு வளரும் தண்ணீர் பகலில் 37 டிகிரியைத் தொட்டால் கொசுவில் மெலிந்துவிடுகிறது. கெய்ர்ன்ஸில் 2018 நவம்பரில் வெப்பம் 43.6 டிகிரிக்கு ஏறியபோது அங்கே அதன் பரவல் குறைந்து, சில மாதங்களில் மீண்டது. டபிள்யூஆல்ப்பி என்ற இன்னொரு வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். கோலாலம்பூரில் அதைத்தான் விட்டார்கள், டெங்கு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.

இலங்கையில் 2020இல் நுகேகொடை, தெஹிவளைப் பகுதிகளில் விடத் தொடங்கினார்கள். புதுச்சேரியிலுள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த கொசுக்களைப் புதுச்சேரிக் கொசுக்களோடு இனம் சேர்த்து, இரண்டு வகை வோல்பாக்கியாவுக்கும் உள்ளூர்க் கொசு வம்சங்களை உருவாக்கியதாக 2022இல் அறிவித்தது.

பணம் எதற்கு முதலில்

ஊராட்சியோ மாநகராட்சியோ மாநில சுகாதாரத் துறையோ கேட்டால் என் பதில் மூன்றாம் வழி. சான்று வலுவாக இருப்பது அதில்தான், ஏற்கெனவே காய்ச்சல் வந்தவரைப் பிடிக்க ஓட வேண்டாம், ஆண்டுதோறும் வாங்க வேண்டிய பொருளும் இல்லை. மக்களிடம் முதலிலேயே முழுதாகச் சொல்லிவிட வேண்டும். 1970களில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் நடத்திய கொசு மரபியல் கட்டுப்பாட்டு ஆய்வு, உயிரியல் போருக்கான ஒத்திகை என்ற குற்றச்சாட்டு எழுந்து 1975இல் மூடப்பட்டது. 'எங்கள் தெருவில் நீங்களே கொசு விடுகிறீர்களா?' என்று கேட்பவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. இதில் மரபணு மாற்றம் இல்லை, நம் வீட்டுப் பழ ஈயிலேயே இருக்கிற பாக்டீரியா இது, முதல் சில மாதம் கடி கூடுதலாக இருக்கும் என்று மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தேசிய அளவில் மருந்து ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர் என்றால் பதில் வேறு: இரண்டாம் வழி, அதிலும் என்எஸ்4பி. மனித உடம்பில் வேலை செய்யும் என்று காட்டிய குறியை ஒரே ஒரு நிறுவனம் கைவிட்டது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. ஹெபடைட்டிஸ் சி மருந்துகளை மலிவாகத் தயாரித்து நாடு நாடாக அனுப்பிய அனுபவம் இந்திய மருந்து ஆலைகளுக்கு உண்டு. சோதனையை நோயாளியிடம் தொடங்காமல் நோயாளியின் வீட்டாரிடம் தொடங்க வேண்டும், வார்டில் அல்ல.

முதல் வழிக்கு ஆய்வகப் பணம் மட்டும் போதும். டெங்குவுக்காக இன்னொரு ஸ்டாட்டின் சோதனையை மனிதரிடம் நடத்துவது வீண் என்பது என் கருத்து. ஆனால் எண்டோபிளாச வலையின் சர்க்கரை நொதிகள் மேல் நடக்கும் வேலையைத் தொடர வேண்டும், பெயரே தெரியாத வைரஸ் ஒன்று வரும் நாளில் கையில் இருக்கக்கூடிய ஒரே மருந்து அந்த வகையாக இருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு எந்த வோல்பாக்கியா என்பதைத் தாளில் முடிவுசெய்ய முடியாது. மொட்டைமாடியில் வெயில் படும் சிமெண்ட் தொட்டியிலும், நிழலில் இருக்கும் குடத்திலும் புழுக்களை வளர்த்து, ஏப்ரல், மே மாதங்களில் கொசுவில் பாக்டீரியா எவ்வளவு தங்குகிறது என்று இரண்டு வகையிலும் அளக்க வேண்டும். வேலூர், திருச்சி போன்ற சூடான ஊரில் ஓரிடம், கடற்கரை ஊரில் ஓரிடம். மழை வரும் அக்டோபரில் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் நம் டெங்குப் பருவம் அப்போதுதான் உச்சத்துக்கு ஏறும். கோடையில் மெலிந்த டபிள்யூமெல் அதற்குள் மீண்டுவிடுகிறது என்றால், பரவலாகப் பயன்படும் அதையே எடுத்துக்கொள்ளலாம். மீளவில்லை என்றால் டபிள்யூஆல்ப்பி.